எஃகு கேஸா, பித்தளை கேஸா? 50 மீட்டர் ரைஃபிளுக்குக் கட்டுப்படியாகும் தோட்டா எது?

#1 வெண்ணாறு22 (நீடாமங்கலம்)

வணக்கம். கிளப்பில் ஆறு பேர் இருக்கிறோம். எல்லோரிடமும் .22 எல்ஆர் போல்ட் ஆக்‌ஷன், எல்லோருக்கும் 50 மீட்டர் ப்ரோன்தான் (படுத்துச் சுடுவது). இந்த வருஷம் ஆறு பேரும் ஒரே லாட்டில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) தோட்டா எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். யூடியூபைத் திறந்தால் எஃகு கேஸ் (தோட்டாவின் வெளிக்கூடு) பாதி விலை என்று ஒருவர் சொல்கிறார், பேரல் போச்சு என்று அடுத்தவர் சொல்கிறார். கேட்க வேண்டியது நாலு:

.22-இல் எஃகு கேஸ் உண்டா? எஃகு கேஸ் பேரலைத் தின்னுமா? கையில் இருக்கும் பணத்துக்கு எதில் அதிகப் பத்துப் புள்ளி விழும்? ஐப்பசி, கார்த்திகை மழையில் தோட்டாவை எப்படி வைப்பது?

#2 குத்துவிளக்கு (நாச்சியார்கோயில்)

முதல் கேள்விக்கு ஒரே வரி: போட்டித் தரத்து .22 எல்லாமே பித்தளை. எஃகு கேஸ் .22 அங்கொன்று இங்கொன்று வந்ததுண்டு, ஆனால் 50 மீட்டர் போட்டியில் அதை யாரும் எண்ணுவதில்லை.

காரணம் ரிம்தான். .22 ரிம்ஃபயர். மருந்து கேஸின் விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கினால்தான் மருந்து பற்றும். பித்தளை மெல்லிசாக, ஒரே சீராக நசுங்கும். எஃகு முரண்டு பிடிக்கும். பின் அடியை ஓங்க வைத்தால் ரைஃபிள் அசையும், மெல்ல வைத்தால் மிஸ்ஃபயர் (மருந்து பற்றாமல் போவது).

தோட்டாப் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். தகடாக அடித்து, வட்டமாக வெட்டி, குழாயாக இழுத்து நீட்டுவார்கள். எங்கள் ஊர் விளக்குப் பித்தளை வார்ப்பு, அதன் கலவையே வேறு. சுட்ட கேஸை உருக்கி விளக்கு செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். ஒரு வாளி காலி கேஸுக்குள் சுடாத தோட்டா ஒன்று கிடந்தால் போதும், உலைக்காரர் கண் போய்விடும். காலி கேஸை எண்ணிக் கிளப்பிலேயே ஒப்படையுங்கள்.

இன்னொன்று. "ஆறு பேரும் சேர்ந்து" என்பதை ஆளுக்குத் தனி பில், ஆளுக்குத் தனி லைசென்ஸ் என்ட்ரி என்று எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் பெயரில் மொத்தமாக வாங்கிப் பங்கு போட்டால் அது சட்டப்படி தப்பு. லாட் நம்பர் ஒன்றாக இருக்கட்டும், கணக்கு தனித்தனியாக இருக்கட்டும்.

#3 குத்தாலம்_டு_டெக்சாஸ்

யூடியூபில் நீங்கள் பார்க்கும் சண்டை எங்கள் ஊர்ச் சண்டை. .223, 7.62×39, .308 சென்டர்ஃபயர் (பின் அடிக்கும் மருந்து கேஸின் அடி நடுவில் இருக்கும்) தோட்டாக்களைப் பற்றியது. இந்தியாவில் ராணுவ, போலீஸ் தோட்டா ஏறும் குழல் அளவுகள் தடைசெய்யப்பட்ட வரிசையில் இருப்பதால் உங்களுக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் கேட்டதால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் தப்பாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சுடும்போது கேஸ் உப்பிச் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) சுவரோடு ஒட்டும், அழுத்தம் இறங்கியதும் சுருங்கி விலகும். எஃகின் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல், பித்தளைக்கு 110 சொச்சம். இரண்டும் ஒரே வலுவுக்கு இறுக்கப்பட்டவை என்று வைத்துக்கொண்டால், பித்தளை திரும்பிச் சுருங்கும் அளவில் எஃகு ஏறக்குறைய பாதிதான் சுருங்கும். அதனால் பிடுங்குவது கடினம், எக்ஸ்ட்ராக்டருக்கு (கேஸைப் பிடித்து இழுக்கும் கொக்கி) வேலை அதிகம். அது மட்டுமில்லை. எஃகு கேஸின் கழுத்து பித்தளைக் கழுத்தைப் போல மிருதுவாக ஒட்டாது. இடைவெளியில் புகை பின்னால் வந்து சேம்பரில் கரியாகப் படியும்.

"எஃகு கேஸ் மேல் பூசிய லாக்கர் (வார்னிஷ்) உருகிச் சேம்பரில் ஒட்டிக்கொள்கிறது" என்பார்கள். பெரும்பாலும் அது லாக்கர் இல்லை, இந்தக் கரிதான். முந்நூறு ரவுண்ட் எஃகு சுட்டுவிட்டு, துடைக்காமல் பித்தளை போட்டால், பித்தளை நன்றாக உப்பி அந்தக் கரியோடு இறுகிக்கொள்ளும். கேஸ் சிக்கியதும் பழி எஃகு மேல் விழும், சிக்கியிருப்பதோ பித்தளை. மாற்றும் முன் சேம்பர் பிரஷ் போட்டு நாலு சுற்று சுற்றினால் தீர்ந்தது.

பேரல் தேய்மானத்துக்கும் கேஸுக்கும் சம்பந்தமில்லை. கேஸ் பேரலுக்குள் போவதே இல்லையே! மலிவுத் தோட்டாவில் குண்டின் மேலுறையும் எஃகுதான், மேலே மெல்லிய செம்புப் பூச்சு மட்டும். ரைஃப்ளிங்கை (பேரலுக்குள் உள்ள சுழல் வரிகளை) சீக்கிரம் தேய்ப்பது அதுதான். குண்டின் மேல் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் உறையோ உள்ளோ எஃகு. பல ரேஞ்சுகளில் அந்தக் குண்டை விடவே மாட்டார்கள். பின்தடுப்பைக் கெடுக்கும், பொறி பறந்தால் காய்ந்த புல்லில் தீப்பிடிக்கும்.

குறி என்று பார்த்தால், மலிவு எஃகு கேஸ் தோட்டா 3 எம்ஓஏ அகலத்துக்குள் (ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) ஓட்டைகளைக் கூட்டினாலே பெரிய விஷயம். 300 மீட்டரில் அது 26 சென்டிமீட்டர். அங்கே பத்து வளையம் 10 செ.மீ., எட்டு வளையம் 30 செ.மீ. நீங்கள் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் தோட்டா உங்களை எட்டில் விட்டுவிடும். பிளேட்டில் டங் டங் என்று அடித்து விளையாட அது போதும், வளையம் எண்ணுகிற ஆட்டத்துக்கு ஆகாது.

மலிவு என்ற பேச்சும் பழைய பேச்சு. 2021 செப்டம்பரிலிருந்து ரஷ்யத் தோட்டாவுக்குப் புதிய இறக்குமதி அனுமதியை அமெரிக்கா நிறுத்திவிட்டது. பழைய வீடியோ பார்த்து விலை சொல்லாதீர்கள்.

#4 வெண்ணாறு22

நன்றி அண்ணே. ஒரு சந்தேகம். டீலர் காட்டிய ஒரு பெட்டியில் .22 கேஸ் வெள்ளையாக இருந்தது. அது எஃகுதானே?

#5 குத்துவிளக்கு

இருக்காது. நிக்கல் பூசிய பித்தளையாக இருக்கும். வெள்ளையெல்லாம் எஃகு இல்லை. காந்தம் சட்டென்று கவ்வினால் எஃகு. நிக்கலும் காந்தத்துக்கு இணங்கும் உலோகம் என்பதால் மெல்ல ஒரு அசைவு தெரியலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிக்கல் பூச்சு பச்சை பிடிக்காது, வழுக்கிக்கொண்டு வெளியே வரும். குறிக்கு அதனால் கூடுதல் லாபம் எதுவும் கிடையாது.

#6 கல்லணை_லேன்4 (திருச்சி)

மூன்றாவது கேள்விதான் அசல் கேள்வி. கேஸ் எந்த உலோகம் என்பதில் பணம் மிச்சமாகாது. எந்த லாட் உங்கள் பேரலுக்கு ஒத்துவருகிறது என்பதில்தான் மிச்சமாகும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்ற கணக்கு. 50 மீட்டர் டார்கெட்டில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டு 5.6 மி.மீ. குண்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே பத்து. ஆகவே குண்டின் மையம் நடுவிலிருந்து 5.2 + 2.8 = 8 மி.மீ.க்குள் இருந்தால் பத்து. அதாவது மையத்துக்கு மையம் 16 மி.மீ. கூட்டம் (ஓட்டைகள் பரவும் அகலம்). இது ரைஃபிளும் தோட்டாவும் நீங்களும் சேர்ந்து செலவழிக்கும் மொத்த பட்ஜெட். தோட்டாவே 16 தின்றுவிட்டால் உங்களுக்கு மிச்சம் பூஜ்யம். ரெஸ்ட்டில் (தாங்கியில்) வைத்துச் சுட்டு 10 ஷாட் கூட்டம் 12 மி.மீ.க்குள் வந்தால் பயிற்சிக்கு நல்ல லாட் என்பேன். 20-க்கு மேல் போனால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒன்பது விழுந்தால் அது உங்கள் கையா தோட்டாவா என்று தெரியாது. தெரியாத பயிற்சி பயிற்சியே இல்லை.

அடுத்து வேகம். பெட்டியில் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி என்று போட்டிருப்பதை மட்டும் எடுங்கள். 40 கிரெயின், அதாவது 2.6 கிராம் ஈயக் குண்டு, வினாடிக்கு 320 முதல் 330 மீட்டர். நம் ஊர் 30 டிகிரியில் ஒலியின் வேகம் 349 மீட்டர். குண்டு முழுத் தூரமும் ஒலிக்குக் கீழேயே போய்விடும். ஹை வெலாசிட்டி 380 பக்கம் கிளம்பி, 50 மீட்டரை நெருங்கும்போது சரியாக ஒலியின் வேகத்தில் வந்து தடுமாறும். பெயரில் 'ஹை' இருப்பதால் உசத்தி என்று நினைத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள், காசு கொடுத்துக் கூட்டத்தை அகலமாக்கிக்கொள்கிறார்கள்.

வேகம் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு சீராக இருக்கிறது என்பது முக்கியம். 325 மீட்டர் வேகத்தில் 50 மீட்டர் போக 0.16 வினாடி. அதற்குள் குண்டு சுமார் 12 செ.மீ. இறங்கும். வேகம் வினாடிக்கு 1 மீட்டர் குறைந்தால் கூடுதலாக முக்கால் மி.மீ. இறங்கும். ஒரு பெட்டிக்குள்ளேயே வேக வித்தியாசம் 10 மீட்டர் இருந்தால் செங்குத்தாக 7, 8 மி.மீ. போய்விட்டது. உங்கள் 16-இல் பாதி. கூட்டம் மேலும் கீழும் நீண்டு, அகலம் ஒழுங்காக இருந்தால் முதலில் தோட்டாவைச் சந்தேகியுங்கள். பக்கவாட்டில் நீண்டால் காற்று அல்லது உங்கள் தோள்.

இனி சோதிக்கும் முறை. நாலு அல்லது ஐந்து லாட், ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி, 50 ரவுண்ட். உதாரணத்துக்கு எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ், எஸ்கே ரைஃபிள் மேட்ச், ஈலி கிளப், சிசிஐ ஸ்டாண்டர்ட், இவற்றில் அந்தச் சமயம் எது கிடைக்கிறதோ அது. லாட் மாற்றும்போதெல்லாம் முதல் 10 ஷாட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு தயாரிப்பிலும் குண்டின் மெழுகுப் பூச்சு வேறு. பழைய மெழுகு போய்ப் புதியது பேரலில் படிய அவ்வளவு ஆகும். மீதி 40-ஐ நாலு டார்கெட்டில் பத்துப் பத்தாக. ஐந்து ஷாட் கூட்டத்தை நம்பாதீர்கள். அதில் அதிர்ஷ்டம் அதிகம். நாலு கூட்டத்தின் சராசரியையும், நாலில் மோசமானதையும் எழுதுங்கள். மோசமானதுதான் போட்டி நாளில் வரும்.

காலையில் காற்று எழும் முன் முடித்துவிடுங்கள். எல்லா லாட்டும் ஒரே நாள், ஒரே ரைஃபிள், ஒரே ரெஸ்ட். ஆறு பேருக்கு ஆறு பேரல் என்பதால் ஆளுக்கு ஆள் முடிவு மாறலாம். ஒருவருடைய பேரலில் 11 மி.மீ. போட்ட லாட் அடுத்தவர் பேரலில் 18 போடும். இதில் விலையும் தலைகீழாகும். பெட்டி விலை இரண்டு மடங்கான தோட்டா சில பேரலில் கீழ்ப்படித் தோட்டாவிடம் தோற்கும். அப்படித் தோற்பதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் இவ்வளவு பாடு.

லாட் கிடைத்துவிட்டால் மொத்தமாக எடுங்கள். அதே பெயர், வேறு லாட் நம்பர் என்றால் அது வேறு தோட்டா என்றே வையுங்கள். டீலரிடம் "ஸ்டாண்டர்ட் பிளஸ் இருக்கா" என்று கேட்காதீர்கள். லாட் நம்பரை எழுதிக் கொடுத்து "இதே நம்பர் எத்தனை பெட்டி இருக்கு" என்று கேளுங்கள்.

#7 தாளடி (பாபநாசம்)

லேன்4 சாரிடம் ஒரு இடத்தில் ஒத்துப்போகவில்லை. நாலு லாட் வாங்கிச் சோதிப்பதே புதியவர்களுக்குப் பெரிய செலவு. இருக்கும் மலிவுப் பெட்டியையே தரம் பிரிக்கலாமே? ரிம் தடிமன் கேஜ் வைத்து 0.038, 0.039, 0.040 அங்குலம் என்று பிரித்துவிட்டால் கூட்டம் சுருங்கும். எடை பார்த்தும் பிரிக்கலாம்.

#8 கல்லணை_லேன்4

பிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் என்ன கிடைக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். .22 தோட்டாவின் மொத்த எடையில் குண்டு, கேஸ், பவுடர், மெழுகு எல்லாம் கலந்திருக்கிறது. எடை குறைந்தால் குறைந்தது கேஸா பவுடரா என்று தராசு சொல்லாது. பவுடர் குறைந்தால் இலக்கில் தெரியும், கேஸ் மெலிந்தால் தெரியாது. நல்ல லாட்டில் எடை பிரித்துப் பயன் இல்லை. மலிவு லாட்டில் ஐம்பதில் ஒன்றிரண்டு ஒதுங்கி நிற்கும், அவற்றை எடுத்து சைட்டர் ஷாட்டுக்கு (குறி சரிபார்க்க, கணக்கில் சேராமல் சுடுவது) வைத்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்துங்கள்.

ரிம் தடிமன் ஹெட்ஸ்பேஸை, அதாவது போல்ட்டுக்கும் ரிம் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை, பாதிக்கும், உண்மை. ஆனால் கேஜில் உருட்டி உருட்டி மெழுகைத் துடைத்துவிட்டால் சம்பாதித்ததை அங்கேயே தொலைத்த மாதிரி. பருத்திக் கையுறை, ரிம்மை மட்டும் பிடிப்பது. மூவாயிரம் தோட்டாவுக்கு இதைச் செய்யும் நேரத்தில் டிரை ஃபயர் (தோட்டா இல்லாமல் டிரிகர் அடிப்பது) பயிற்சி செய்தால் ஸ்கோர் ஏறும்.

டிரை ஃபயர் என்றதும் ஒன்று: ரிம்ஃபயரில் வெறும் சேம்பரில் டிரிகர் அடித்தால், சில ரைஃபிளில் ஃபயரிங் பின் நேராகச் சேம்பர் விளிம்பில் போய் அடித்துப் பள்ளம் போடும். மேனுவலில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்னாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா).

#9 தாளடி

எடையை விட்டுவிடுகிறேன். ரிம் கேஜை விட மாட்டேன். 😄

#10 உப்பளம் (வேதாரண்யம்)

நாலாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே. உப்புக் காத்து அடிக்கிற ஊர்லேர்ந்து நான் வர்றேன்.

டெல்டாவுல தோட்டாவுக்கு முதல் எதிரி தண்ணி இல்லைங்க, அமோனியா. வரலாறே இருக்கு. பிரிட்டிஷ் இந்தியாவுல மழைக்காலத்துல பட்டாளத்துத் தோட்டாவைக் குதிரை லாயத்துல அடுக்கி வச்சாங்க. வெயில் வந்து எடுத்துப் பார்த்தா கேஸ் எல்லாம் வெடிச்சுக் கீறல் விட்டிருந்துச்சு. பருவத்துல வர்ற கோளாறுன்னே பேர் வச்சாங்க. குதிரை மூத்திரத்துலேர்ந்து வர்ற அமோனியாவும், இழுத்து நீட்டின பித்தளைக்குள்ள தங்கியிருக்கிற இறுக்கமும் சேர்ந்துதான் இந்தக் கீறல்னு 1921-லதான் தெளிவா விளக்கினாங்க. இறுக்கம் தளர லேசா சூடு காட்டினா கீறல் நிக்குது. இப்ப நல்ல தயாரிப்புல அதைச் செஞ்சுதான் அனுப்புறாங்க. ஆனா குண்டைப் பிடிக்கக் கழுத்தைச் சுருக்குற இடத்துல கொஞ்சம் இறுக்கம் மிச்சம் இருக்கத்தான் செய்யும்.

நம்ம வீட்டுல குதிரை இல்லை. மாட்டுக் கொட்டகை இருக்கு, யூரியா மூட்டை இருக்கு, அமோனியம் சல்பேட் இருக்கு, டிஏபி இருக்கு. சம்பாவுக்கு வாங்கின உர மூட்டையும் தோட்டாப் பீரோவும் ஒரே அறையில இருந்தா உடனே பிரிங்க. ஈரம் பட்ட யூரியா வாடை மூக்குக்குத் தெரிஞ்சா பித்தளைக்கும் தெரியும். கழுத்துப் பக்கம் நீளவாக்குல மயிரிழைக் கீறல் தெரியிற தோட்டாவைச் சுடவே கூடாது. கேஸ் பிளந்தா புகையும் பித்தளைத் துணுக்கும் போல்ட் வழியா முகத்துக்கு வரும்.

அடுத்தது ஈரம். அட்டைப்பெட்டி ஈரம் குடிக்கும். லாட் நம்பர் உள்ள அட்டையோட அப்படியே ரப்பர் கேஸ்கெட் வச்ச தோட்டாப் பெட்டிக்குள்ள வையுங்க. எவர்சில்வர் டப்பா மூடி காத்தை அடைக்காது. நிறம் மாறுற சிலிகா ஜெல் போடுங்க. நிறம் மாறினதும் 110, 120 டிகிரி அடுப்புல ரெண்டு மணி நேரம் காய வச்சு, ஆறினப்புறம் திரும்பப் போடலாம். காய வைக்கிறது ஜெல்லை மட்டும்! இதையும் எழுதித்தான் ஆக வேண்டியிருக்கு.

அரிசி போட்டு வைக்கலாமான்னு கேப்பீங்க. நெல்லு விளையிற ஊர்ல இதைச் சொன்னா கோவம் வரும், ஆனா அரிசி ரொம்பக் கொஞ்சமாத்தான் ஈரம் இழுக்கும். அதோட மாவு மெழுகுல ஒட்டும்.

ஏசி அறையிலேர்ந்து நேரா ரேஞ்சுக்குக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்தா தோட்டா வேர்க்கும். மூடியபடி ஒரு மணி நேரம் வெளியில வச்சுட்டு அப்புறம் திறங்க. சித்திரை வெயில்ல காருக்குள்ள விட்டா வேற தொல்லை. மெழுகு இளகி ஒரு பக்கமா வழியும், தோட்டா சூடானா வேகமும் மாறும், குறி மேலே போகும். லைன்ல நிழல்ல வையுங்க. ஆத்து மணல் பறக்கிற இடத்துல பெட்டியைத் திறந்து போடாதீங்க. மெழுகுல ஒட்டின ஒரு மணல் பேரலுக்குள்ள அரம் மாதிரி போகும்.

எஃகு கேஸ் யார்கிட்டயாவது இருந்தா: துத்தநாகப் பூச்சுல வெள்ளைத் துரு வரும், கீறின இடத்துல செந்துரு வரும். எங்க ஊர்க் காத்துல பித்தளை கறுத்தாலும் வேலை செய்யும், எஃகு துருவேறினா சேம்பர்ல மாட்டும்.

#11 வெண்ணாறு22

பழைய பெட்டி ஒன்றில் சில தோட்டாக்கள் பச்சை பிடித்திருக்கின்றன. வீட்டில் "புளி போட்டுத் தேய்த்தால் பளபளன்னு ஆயிடும்" என்கிறார்கள்.

#12 குத்துவிளக்கு

குத்துவிளக்குக்குப் புளி. தோட்டாவுக்கு வேண்டவே வேண்டாம். புளியின் அமிலம் துத்தநாகத்தை அரித்து, மேலே இளஞ்சிவப்பாகச் செம்பு மட்டும் நிற்கும். அந்தத் தோல் பலமில்லாதது. கடையில் விற்கும் பித்தளைப் பாலிஷும் கூடாது. பலவற்றில் அமோனியா. உப்பளம் சொன்ன கதை அப்படியே திரும்ப வரும்.

கறுப்பு அல்லது பழுப்பு நிறம் மட்டும் என்றால் ஒன்றும் செய்யாமல் சுடலாம். பச்சை மெல்லிய படலமாக இருந்தால் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். துடைத்த பிறகு நகத்துக்குப் பள்ளம் தட்டுப்பட்டால், அல்லது பச்சை ரிம்மில் இருந்தால் ஒதுக்குங்கள். எண்ணெய் தடவக் கூடாது. மருந்துக்குள் இறங்கினால் மிஸ்ஃபயர். கேஸ் சேம்பரைப் பிடிக்காமல் வழுக்கினால் போல்ட்டுக்கு அடி கூடும்.

ஒதுக்கியதைக் குப்பையிலோ ஆற்றிலோ போடாமல் டீலரிடமோ கிளப்பிலோ கணக்கோடு ஒப்படையுங்கள்.

#13 புதுஆறு_ஏர் (தஞ்சாவூர்)

ஏர் ரைஃபிள்காரன் ஒரு வார்த்தை. எஃகு மலிவு என்ற பேச்சைக் கேட்டு ஏர் ரைஃபிளில் 4.5 மி.மீ. எஃகு பிபி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரைஃப்ளிங் உள்ள பேரலில் எஃகு உருண்டை போகவே கூடாது. வரிகளை வழித்துவிடும், பலகையில் பட்டுச் சுட்டவர் கண்ணுக்கே திரும்பும். ஈயப் பெல்லட் மட்டும், அதுவும் தலை தட்டையான டார்கெட் பெல்லட், 0.53 கிராம். தலை அளவு 4.49, 4.50 என்று டப்பாவில் இருக்கும். லேன்4 சார் சொன்ன லாட் சோதனை இங்கேயும் அப்படியே பொருந்தும். இங்கே பத்து என்பது அரை மி.மீ. புள்ளி. டப்பாவைக் குலுக்காதீர்கள். பெல்லட்டின் பாவாடை (விரிந்த பின்பாகம்) நசுங்கினால் அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

.177 அங்குலத்துக்கு (4.5 மி.மீ.) மேற்படாத, 20 ஜூல் ஆற்றலைத் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு 2016 விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. .22 தோட்டா வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் வாரத்தில் மூன்று நாள் 10 மீட்டரில் பிடிப்பையும் டிரிகரையும் பழகலாம். பெல்லட்டின் விலை தோட்டா விலையில் சிறு பங்குதான்.

#14 வெண்ணாறு22

மிஸ்ஃபயர் என்று இரண்டு இடத்தில் வந்தது. மலிவுத் தோட்டாவில் ஆனால் என்ன செய்ய?

#15 கல்லணை_லேன்4

குழல் டார்கெட் பக்கமே இருக்கட்டும். 30 வினாடி எண்ணுங்கள். சில சமயம் மருந்து தாமதமாகப் பற்றும். பிறகு முகத்தை விலக்கிப் போல்ட்டைத் திறந்து ரிம்மைப் பாருங்கள். ஃபயரிங் பின் அடித்த தழும்பு ஆழமாக இருந்தால் தோட்டாவின் குற்றம், அந்த இடத்தில் மருந்து பரவியிருக்காது. தழும்பு மேலோட்டமாக இருந்தால் ரைஃபிளின் குற்றம். பின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பின் போகும் துளையில் பழைய மெழுகும் கரியும் கட்டியிருக்கும். மழைக்காலத்தில் அங்கே கெட்டி எண்ணெய் விட்டுவைப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

"டப்" என்று மெல்லிய சத்தத்தோடு சுட்டு, டார்கெட்டில் ஓட்டை இல்லையென்றால் அடுத்த தோட்டாவை ஏற்றவே ஏற்றாதீர்கள். குண்டு பேரலில் நிற்கலாம். போல்ட்டைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள். கம்பியை விட்டு நீங்களே குத்த வேண்டாம்.

மலிவு லாட்டில் இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது: சேம்பருக்கு முன்னால் கரி வளையம். அது கெட்டிப்பட்டால் தோட்டா ஏற்றும்போது இறுக்கம் தெரியும், குறி மெல்ல மெல்லக் கெடும். மாதம் ஒருமுறை பின்பக்கத்திலிருந்து ராட் கைடு (கம்பியை நேராகப் பிடிக்கும் குழாய்) போட்டு அந்த ஒரு அங்குலத்தை மட்டும் வெண்கல பிரஷ்ஷால் தேயுங்கள். பேரல் முழுக்க இழுத்து இழுத்துத் தேய்க்கத் தேவையில்லை, ஈரத்துணி, உலர்துணி போதும். கழுவியபின் குறி உட்கார 10, 15 ஷாட் ஆகும். போட்டிக்கு முந்தின நாள் கழுவிவிட்டு நேரே போய்ப் படுக்காதீர்கள்.

#16 வெண்ணாறு22

சரி, எங்கள் திட்டத்தை எழுதுகிறேன், தப்பிருந்தால் வெட்டுங்கள். ஒரு பயிற்சிக்கு 60 ஷாட், சைட்டர் 20. வாரம் இரண்டு என்றால் 160, மாதம் சுமார் 650. எங்கள் லைசென்ஸில் உள்ள வருஷத் தோட்டா அளவுக்குள் இது அடங்காது. ஆகவே வாரம் ஒரு நாள் .22, இரண்டு நாள் ஏர் ரைஃபிளும் டிரை ஃபயரும். மாதம் 320 போதும். நாலு லாட் சோதனை, ஆளுக்கு ஒரு பெட்டி என்று செலவைப் பிரிப்போம். மலிவில் ஒரு லாட் பயிற்சிக்கு, மேல்படியில் ஒரு லாட் போட்டிக்கு மட்டும்.

#17 தாளடி

"ஆளுக்கு ஒரு பெட்டி" என்பதில் ஓட்டை இருக்கிறது. ஆறு பேரல் என்று லேன்4 சார் சொன்னதைப் படித்தீர்களா? ஒருவர் சோதித்த லாட் மற்ற ஐந்து பேருக்கும் சேருமா?

#18 கல்லணை_லேன்4

சேராது. அவரவர் லாட்டை அவரவர் ரைஃபிளில்தான் சோதிக்க வேண்டும். செலவைக் குறைக்க வேண்டுமானால் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் ஆளுக்கு இரண்டு லாட் மட்டும், ஒவ்வொன்றிலும் 10 பழக, 20 கணக்குக்கு. மீதி 20-ஐ வீணாக்காமல் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டில் ஒன்று 14 மி.மீ.க்குள் வந்தால் அதோடு நிறுத்திவிட்டு வாங்குங்கள். வராதவர்கள் மட்டும் மூன்றாவது, நாலாவது லாட்டுக்குப் போகட்டும். இரண்டு லாட்டில் பிரிந்து நின்றாலும் பரவாயில்லை, ஒரே லாட் என்ற ஆசையை விடுங்கள்.

போட்டி லாட்டும் பயிற்சி லாட்டும் வேறு தயாரிப்பாக இருந்தால், மெழுகு மாறும் என்பதால் போட்டிக்கு முந்தின வாரம் முழுக்கப் போட்டி லாட்டிலேயே சுடுங்கள். ஒரே தயாரிப்பாளரின் கீழ்ப்படியும் மேல்படியுமாக எடுத்தால் இந்தத் தொல்லை குறையும். இரண்டுக்கும் சைட் கிளிக் (குறிபார்க்கும் கருவியைத் திருப்பும் படிகள்) வித்தியாசத்தைப் பெட்டி மூடியில் எழுதி வையுங்கள்.

#19 உப்பளம்

மூடியில இல்லை, பெட்டிக்கு உள்ள ஒரு சீட்டுல, பென்சில்ல. மழையில பேனா மை ஊறிடும்.